மருந்துக் கடைக்காரர் கண்ட வெண்களிமண்

கடாரம் என நம் முன்னோர் வழங்கிய கெடா நாட்டில், பூஜாங் பள்ளத்தாக்கை அகழ்ந்தபோது சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாக வெளிப்பட்டன. சீனர் பல நூற்றாண்டுகளாக உலகிற்கு விற்றுவந்த அப்பொருளின் இரகசியம் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. ஜெர்மனியில் பெட்கர் என்பார் 1708-ல் அதனைக் கண்டார். இங்கிலாந்திலோ, உண்மையான கெட்டிப் பீங்கானை முதலிற் செய்த பெருமை நெசவாளர் ஒருவரின் மகனுக்கே உரியதாயிற்று.

அவர் வில்லியம் குக்வர்தி. 1705-ல் டெவன் மாகாணத்துக் கிங்ஸ்பிரிட்ஜில் பிறந்தார். தந்தை இளமையிலேயே இறந்தார். எஞ்சிய பொருளும் 1720-ல் தென்கடல் கம்பெனியின் வீழ்ச்சியோடு போயிற்று. மருந்துத் தொழில் பயில லண்டன் சென்ற சிறுவன் வண்டிக் கூலியின்றி நடந்தே போனான் என்பர். பின்னர் பிளிமத் நகரில் மருந்துக் கடை வைத்தார்.

சீனாவிலிருந்து பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1712-லும் 1722-லும் எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு எட்டின. தீயில் உருகாத வெண்களிமண் எலும்பு போலவும், உருகும் கல் தசை போலவும் சேர்ந்தே பீங்கான் ஆகிறது என்பது அவற்றின் சாரம். நம் பாடாங் செராய்த் தோட்டங்களில் முன்பு ரப்பர் மரத்தில் கட்டிய பால் மங்கு மெருகிட்ட மண்பாண்டமே; நல்ல பீங்கானையோ விளக்கின் எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும். இரு பொருள்களையும் கார்ன்வால் மண்ணிலேயே கண்டுபிடித்த குக்வர்தி, ஏறத்தாழ இருபது ஆண்டு சோதனைக்குப் பின் 1768-ல் காப்புரிமை பெற்றார்.

அதற்குத் துணை நின்ற நிலப்பிரபு தாமஸ் பிட் யார்? 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராயிருந்த பிட்டின் கொள்ளுப்பேரன்! அக்கவர்னர் இந்தியச் சுரங்கத்து வைரம் ஒன்றை வாங்கி, 1717-ல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்று, கார்ன்வாலில் பொக்கோனக் பண்ணையை வாங்கினார். வைரத்திற்குப் பிட்டின் பெயர் வழங்கிற்று; அதனை வெட்டியெடுத்த கூலிக்குச் சரித்திரத்தில் பெயரில்லை. சீமைப் பீங்கானின் கதையிலும் நம் நாட்டுச் செல்வம் இவ்வாறு கலந்திருப்பதைப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் சரித்திரம் நமக்குச் சொல்லித் தரவில்லை.

தொழிலிலே லாபம் சொற்பம். பாத்திரங்கள் சூளையில் கோணின, புகைக்கறை படிந்தது. 1770-ல் பிரிஸ்டலுக்கு மாறிய தொழிலைக் குக்வர்தி சில ஆண்டுகளில் ரிச்சர்ட் சாம்பியன் என்பாரிடம் ஒப்புவித்து, 1780-ல் காலமானார். சாம்பியன் உரிமையை நீட்டிக்கப் பார்லிமெண்டை நாடியபோது, ஜோசையா வெட்ஜ்வுட் கடுமையாக எதிர்த்தார். அதன் விளைவாக 1775-ல், ஒளி ஊடுருவும் பீங்கான் தவிர மற்றப் பாண்டங்களுக்கு அக்களிமண் எல்லாக் குயவருக்கும் பொதுவாயிற்று. சாம்பியன் உரிமையை விற்று 1784-ல் அமெரிக்கா சென்றார். கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டல் பக்கத்தில் அக்களிமண்ணைத் தோண்டிய கழிவு வெண்குன்றுகளாகக் குவிந்தது.