11 வருட மீனும் 59 வருட மூத்தம்மாவும்



எங்கள் வீட்டு நிமோ போன கிழமை செத்துப் போய்விட்டது. மஞ்சளும் கறுப்புமாய், வெள்ளைக் கோடு போட்ட மீன். வாலில் காயம் என்று ஏற்றுமதிக்காரர் கழித்துவிட்டதை, சுழியோடித் தம்பி ஒருவர் சொப்பிங் பேக்கில் கொண்டுவந்து தந்தார். 11 வருடம் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களை விசாரிக்குமுன் அதைத்தான் விசாரிப்பார்கள்.

பிழை எங்களுடையது. மாரி மழை விட்ட கையோடு முகத்துவாரத்துப் பக்கம் கேனில் அள்ளிய தண்ணீரை ஊற்றிவிட்டோம். வயல்களைக் கழுவி வந்த வெள்ளம் கலந்த தண்ணீர். உப்பும் குறைவு, வேறு என்னவெல்லாம் இருந்ததோ. இரண்டே நாள்தான்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பம்ப் நின்றால் தண்ணீரில் ஒட்சிசன் குறையும். ஆளுக்கு அரை மணித்தியாலம் என்று முறை வைத்து, ஜக்கால் அள்ளி உயர்த்தி ஊற்றி அதைக் காப்பாற்றினோம். எங்கள் சொந்த வித்தை என்றுதான் நினைத்திருந்தோம். பிறகு வாசித்தால், 1846இலேயே லண்டனில் ஒரு வீட்டில் இதே வேலை நடந்திருக்கிறது. அன்னா தின் என்ற பாதிரியார் மனைவி, டோர்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள முருகைகளைக் கொண்டுவந்து வளர்த்தார். லண்டனில் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று, இருந்த தண்ணீரையே பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினாள் பணிப்பெண். கைவலி அவளுக்கு, பெயர் அந்த அம்மாவுக்கு.

1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கோஸ் மீன் தொட்டியைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். உடனே வீட்டுக்கு வீடு தொட்டி. வாளியோடு போனவர்கள் கரைப் பாறைகளை வெறுமையாக்கிவிட்டார்கள் என்று அவருடைய மகனே பிற்காலத்தில் வருந்தி எழுதினார். நமது முருகைக்கல்லிலிருந்து வந்த மீனை வைத்திருந்த எங்களுக்கும் அதில் குற்றம் சொல்ல வாயில்லை.

எல்லாவற்றிலும் மனதில் நிற்பது எடின்பரோவின் 'கிரானி'. நம் பேச்சில் மூத்தம்மா. மீனல்ல, நிமோ குடியிருக்குமே, அந்தக் கடல் சாமந்தி இனம். சேர் ஜோன் டால்யெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828இல் ஸ்கொட்லாந்தின் நோர்த் பெரிக் கரையில் எடுத்து, ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்தார். மட்டிச் சதைதான் சாப்பாடு. நூற்றுக்கணக்கில் குஞ்சு போட்டது. 1851இல் டால்யெல் இறந்தார், சாடி அடுத்தவர் கைக்குப் போனது. அவரும் இறந்தார், இன்னொருவர். இப்படிக் கைமாறிக் கைமாறி 1887 வரை இருந்தது. அது செத்தபோது பத்திரிகையில் மரண அறிவித்தலே போட்டார்கள்.

நிமோ இனம் பராமரிப்பில் 20 வருடத்தைத் தாண்டியும் வாழும் என்பதை இப்போதுதான் வாசித்தோம்.

மீனைத் தென்னைமரத்தடியில் புதைத்தாயிற்று. தொட்டி இன்னும் ஓடுகிறது. பம்பை நிறுத்த வேண்டாம் என்கிறாள் சின்ன மகள்.