கருநிற ஒப்பனை: வேடமும் தரக்குறைவும்

கருநிற ஒப்பனை என்பது, நடிப்பவரோ வேடமிடுபவரோ தம்மைவிடக் கறுத்த நிறமுடைய ஒருவரைக் காட்டுவதற்காக முகத்திலும் உடலிலும் கரி, மை, சாயம் முதலியவற்றைப் பூசிக்கொள்வதாகும். உலக ஊடகங்களில் இது பிளாக்ஃபேஸ், பிரவுன்ஃபேஸ் என்னும் பெயர்களில் பேசப்படுகிறது. இது இன இழிவா, நடிப்புக்கலையின் இயல்பான பகுதியா என்னும் விவாதம் அமெரிக்க மேடையை ஒட்டி எழுந்தது. தமிழ்ச் சூழலில் அக்கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. இங்கே வேடமிடுபவரும் வேடத்தில் காட்டப்படுபவரும் பெரும்பாலும் ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பிரிப்பவை சாதி, தொழில், பழங்குடி அடையாளம் ஆகியவை. நிறம் அவற்றின் குறியாக மேடையேறுகிறது.

இக்கேள்வி நேரடியாகத் தொடும் மக்களுள் பழனிமலையின் பளியரும் அடங்குவர். திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி முதலிய காபித் தோட்ட ஊர்கள் அமைந்த கீழ்ப்பழனிமலைப் பகுதியில் அவர்கள் வாழ்கின்றனர். சமவெளியின் மேடையிலும், திரையிலும், பள்ளி மாறுவேடப் போட்டியிலும் 'காட்டுவாசி' என்று காட்டப்படும் உருவம் இவர்களைப் போன்ற மக்களைச் சுட்டுவதாகவே கொள்ளப்படுகிறது.

மரபில் நிறமும் வேடமும்

பழந்தமிழ் இலக்கியத்தில் கருமை இழிவின் நிறமாக இல்லை. சங்கப் பாடல்கள் தலைவியின் 'மாமை' நிறத்தை அழகாகப் போற்றுகின்றன. முல்லை நிலத்தின் தெய்வம் மாயோன், கருநிறத்தவன். இன்றுவரை ஊர்க்காவல் தெய்வங்களில் முதன்மையானவர்களுள் ஒருவர் கருப்பசாமி.

ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரின் வேடம் புனைவதும் பழமையானது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் கடையம் என்பது, இந்திரனின் மனைவி அயிராணி உழவர்குலக் கடைசியின் வடிவில் ஆடியது. அதே காப்பியத்தின் வேட்டுவ வரியிலோ, எயினர் தம் குலத்துப் பெண்ணுக்கே கொற்றவைக் கோலம் புனைகின்றனர். மேலுலகத்தவர் உழைக்கும் பெண்ணாக ஆடுவதும், வேட்டுவக்குடியின் பெண் தெய்வமாக நிற்பதும் ஒரே நூலில் இடம்பெற்றுள்ளன.

நிகழ்த்துகலைகளில் நிறம் ஒரு குறியீட்டு மொழியாகப் பயன்பட்டது. கதகளியில் பச்சை வேடம் நற்பண்புடைய நாயகர்களுக்குரியது. கரி வேடம் காட்டு வேடர்களுக்கும் அரக்கியருக்கும் உரியது. மேடையில் வரும் பச்சை முகத்தை எவரும் ஒரு மக்கள்குழுவின் தோல்நிறமாகக் கொள்வதில்லை. ஆனால் வேடனுக்கும் அரக்கிக்கும் ஒரே கருமை ஒதுக்கப்பட்டது கவனிக்கத்தக்கது. குறியீடு என்று கொண்டாலும், காட்டில் வாழ்பவரை அச்சுறுத்துபவருடன் சேர்த்து வைக்கும் பார்வை அதில் உள்ளது.

இதற்கு மாறான ஒரு வழக்கம் சேத்தாண்டி வேடம். திண்டுக்கல், தேனி, மதுரை மாவட்டங்களின் அம்மன் கோயில் திருவிழாக்களில், நேர்த்திக்கடனாக ஆண்களும் சிறுவர்களும் உடல் முழுதும் சேறு பூசிக்கொண்டு ஊர்வலம் வருவர். மழை பெய்யவும் நோய் நீங்கவும் இதைச் செய்வதாகக் கூறுவர். தோலின் நிறமே மறைந்துபோகும் இவ்வேடம் எந்த மக்களையும் சுட்டுவதில்லை. சேறு பூசியவர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுவதுமில்லை.

மின்ஸ்ட்ரல் மேடை

உடலில் கருமை பூசுவது இழிவாகக் கருதப்படுவதற்கான காரணம் அமெரிக்க வரலாற்றில் உள்ளது. 1830களில் தாமஸ் ரைஸ் என்னும் வெள்ளையின நடிகர் முகத்தில் கரி பூசி, 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பின அடிமையாக ஆடிப் புகழ்பெற்றார். 1843இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழு முழுநீள நிகழ்ச்சியாக இதை நடத்தியது. எரித்த தக்கையின் கரி, பெரிதாக வரையப்பட்ட உதடுகள், கொச்சையான பேச்சு, சோம்பல், திருட்டு ஆகியவை இந்நிகழ்ச்சிகளின் மாறாத கூறுகள். அடிமைமுறை நடப்பிலிருந்த காலத்தில், அடிமைகள் மகிழ்ச்சியாகவும் அறிவற்றும் இருப்பதாக அவை பார்வையாளருக்குக் காட்டின. பின்னாளில் தென்மாநிலங்களில் இயற்றப்பட்ட நிறப்பிரிவினைச் சட்டங்களுக்கு 'ஜிம் க்ரோ' என்ற மேடைப் பெயரே நிலைத்தது. பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சி 1958 முதல் 1978 வரை ஒரு மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது.

இக்கலை இந்தியாவுக்கும் வந்தது. 1860களில் டேவ் கார்சன் என்னும் மின்ஸ்ட்ரல் நடிகர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிகழ்ச்சிகள் நடத்தினார். அவருடைய புகழ்பெற்ற வேடங்களில் ஒன்று ஆங்கிலம் படித்த வங்காள பாபுவைக் கேலி செய்வது. அமெரிக்க அடிமையைக் காட்டப் பயன்பட்ட ஒப்பனை உத்தி, குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த இந்தியரைக் காட்டவும் பயன்பட்டது. வங்க நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி ஆங்கிலேயரை நகையாடும் நிகழ்ச்சி ஒன்றை மேடையேற்றி இதற்கு விடையளித்தார். இருபதாம் நூற்றாண்டிலும் இவ்வழக்கம் நீடித்தது. 'தி பார்ட்டி' (1968) படத்தில் பீட்டர் செல்லர்ஸும், 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) படத்தில் அலெக் கின்னஸும் பழுப்பு ஒப்பனையுடன் இந்தியராக நடித்தனர்.

தமிழ்த் திரையில்

தமிழ்த் திரைப்படத்தில் கருநிற ஒப்பனையை நோக்கத்தின் அடிப்படையில் இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவது, நகைப்புக்காகச் செய்யப்படுவது. ஷங்கர் இயக்கிய 'சிவாஜி' (2007) படத்தில் அங்கவை, சங்கவை என்னும் சகோதரிகள் கருமை பூசப்பட்டு, பார்த்தவுடன் நாயகன் ஓட வேண்டிய உருவங்களாகக் காட்டப்பட்டனர். அப்பெயர்கள் பறம்புமலைத் தலைவன் பாரியின் மகளிர்க்கு வழங்குபவை. அதே படத்தில் நாயகன் நிறம் வெளுக்கப் பாடுபடுகிறான். ஒரு பாடல் காட்சியில் ரஜினிகாந்தின் தோல் கணினி வரைகலை மூலம் வெள்ளையாக்கப்பட்டது. கறுப்பாக்குவது சிரிப்பதற்கும் வெளுப்பாக்குவது விரும்புவதற்கும் என்ற பிரிவினை ஒரே படத்தில் வெளிப்பட்டது.

இரண்டாவது, நம்பகத்தன்மைக்காகச் செய்யப்படுவது. 'பருத்திவீரன்' (2007) படத்தில் பிரியாமணியும், தேயிலைத் தோட்டக் கொத்தடிமைகளைப் பற்றிய பாலாவின் 'பரதேசி' (2013) படத்தில் வேதிகாவும் நிறம் குறைக்கப்பட்டு நடித்தனர். கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய 'தசாவதாரம்' (2008) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பத்து வேடங்களுள் ஒன்று வின்சென்ட் பூவராகன் என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் போராளி. த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' (2021) படத்தில் இருளர் பெண் செங்கேணியாக லிஜோமோல் ஜோஸ் கருநிற ஒப்பனையுடன் நடித்தார். இப்படங்கள் ஒடுக்கப்பட்டோரை இழிவுபடுத்த எடுக்கப்பட்டவை அல்ல. 'ஜெய் பீம்' காவல்துறை வன்முறைக்கு எதிரான படம். இருளர் மக்கள் பலரும் அதில் நடித்துள்ளனர்.

ஆயினும் இவ்வகைக்கும் எதிர்ப்பு எழுந்தது. கருநிறம் கொண்டோர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், கருநிறப் பெண்ணின் கதையைச் சொல்லக்கூட வெளுத்த நிறத்தவரைத் தேர்ந்து மை பூச வேண்டியிருப்பது ஏன் என்பதே அக்கேள்வி. நாயகி வெளுத்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்திய துறை, ஏழைமையைக் காட்டும்போது மட்டும் கருமையைத் தேடியது. இங்கு இழப்பு நகைப்புக்கு ஆளாவதில் இல்லை. வாய்ப்பு மறுக்கப்படுவதில் உள்ளது. நடிப்பு என்பதே தானல்லாத ஒருவராக மாறுவது என்ற மறுமொழி இதற்குக் கூறப்படுகிறது. அது வலுவான வாதம்தான். ஆனால் மாறும் உரிமை ஒரு திசையில் மட்டுமே செயல்படுகிறது. இருளரோ பளியரோ ஒரு செல்வந்தர் வீட்டு நாயகனாக ஒப்பனை செய்துகொண்டு நடிப்பதைத் தமிழ்த்திரை வழக்கமாக்கியதில்லை.

குறவன் குறத்தி ஆட்டம்

வேடம் இழிவாகுமா என்ற கேள்வி தமிழகத்தில் நீதிமன்றம்வரை சென்றது குறவன் குறத்தி ஆட்டத்தில். குறத்திக்கு இலக்கியத்தில் உயர்ந்த இடம் உண்டு. முருகனின் துணைவி வள்ளி குறவர் மகள். குறி சொல்லும் குறத்தியை மையப் பாத்திரமாகக் கொண்டு குறவஞ்சி என்னும் இலக்கிய வகையே வளர்ந்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி அதில் சிறந்தது. மறுபுறம், குடியேற்ற அரசு 1871இல் இயற்றிய குற்றப்பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டபின், குறவர்களில் பல பிரிவினர் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். விடுதலைக்குப் பின் சட்டம் நீங்கியது, ஐயப்பார்வை நீங்கவில்லை.

திருவிழா மேடைகளில் கரகாட்டத்தின் துணை ஆட்டமாக நிகழ்ந்த குறவன் குறத்தி ஆட்டம், காலப்போக்கில் இரட்டைப் பொருள் பேச்சும் ஆபாச அசைவும் நிறைந்ததாக மாறியது. ஆடியவர்கள் பெரும்பாலும் குறவர் அல்லாதவர்கள். தம் சமூகத்துப் பெண்களை இது இழிவாகக் காட்டுகிறது என்று குறவர் அமைப்புகள் நெடுங்காலம் எதிர்த்தன. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு உத்தரவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் தமிழக அரசு இந்த ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கி, தடை செய்தது. ஆடிப் பிழைத்த கலைஞர்களும் ஏழைகளே என்பதால் இம்முடிவுக்கு ஒரு விலையும் இருந்தது. ஆனால் இவ்வழக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. ஒப்பனை எந்த நிறம் என்பது அங்கே கேள்வியாகவே இல்லை; வேடத்தின் வழியாக ஒரு சமூகத்துக்கு என்ன நேர்கிறது என்பதே கேள்வியாக இருந்தது.

சிங்கப்பூர், 2019

தமிழர் காட்டப்படும் இடத்தில் நின்ற நிகழ்வு சிங்கப்பூரில் நடந்தது. 2019 ஜூலையில் மின்னணுப் பணப்பரிமாற்றச் சேவை ஒன்றின் விளம்பரத்தில், சீன நடிகர் டென்னிஸ் சியூ நான்கு வேடங்களில் தோன்றினார். அவற்றுள் ஒன்று தோல் கறுப்பாக்கப்பட்ட இந்திய ஆண். சட்டையில் இருந்த பெயர் கே. முத்துசாமி. மற்றொன்று முக்காடு அணிந்த மலாய்ப் பெண். நாட்டின் எல்லா இனத்தவருக்கும் உரிய சேவை என்று காட்டும் நோக்கில் எடுக்கப்பட்ட விளம்பரம் அது. எல்லா இனத்தவரையும் காட்ட ஒரே ஒரு சீனரே போதும் என்ற முடிவு சிறுபான்மையினரைப் புண்படுத்தியது.

விளம்பரத்தைத் தயாரித்த நிறுவனமும் நடிகரின் முகமை நிறுவனமும் மன்னிப்புக் கேட்டன. பின்னர் நடிகரும் வருந்தினார். இதற்கிடையே பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் என்னும் உடன்பிறந்தோர் கடுஞ்சொற்களுடன் ஒரு ராப் காணொளி வெளியிட்டனர். இன நல்லிணக்கத்தைக் குலைப்பதாகக் கூறி, அவர்களுக்குக் காவல்துறை 24 மாத நிபந்தனை எச்சரிக்கை விடுத்தது. விளம்பரம் விதிமீறல் இல்லை என்று முடிவானது. சென்னையில் மிகச் சாதாரணமான 'முத்துசாமி' என்ற பெயர், சிறுபான்மையாக வாழும் நாட்டில் சட்டைப்பையில் ஒட்டப்பட்டதும் வேறு பொருள் கொண்டது.

பளியரும் தரக்குறைவும்

பழனிமலைப் பளியரைப் பற்றி இயேசுசபைப் பாதிரியார் டாமன் 1908இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதினார். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூல், மூக்கின் அளவுகளையும் தோலின் நிறத்தையும் கொண்டு தென்னிந்திய மக்களை வகைப்படுத்தியது. காட்டில் வாழ்பவர் என்றால் இன்ன நிறம், இன்ன முகம் என்ற படம் படித்தவர் மனத்தில் நிலைபெற இத்தகைய நூல்களும் உதவின.

1960களில் பளியரிடையே களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் கவனித்தது வேறு. அவர்களின் சமூக வாழ்வின் அடிப்படை நெறி, ஒருவர் மற்றவரைத் தாழ்த்தாதிருத்தல். அதை மீறும் செயலை அவர்கள் 'தரக்குறைவு' என்னும் சொல்லால் சுட்டினர். குழந்தையைக்கூட அடக்கி நடத்துவது தவறு; பூசல் வந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிச் செல்வதே முறை. சமவெளி மக்களிடம் அவமதிப்பை எதிர்கொண்ட போதும் அவர்கள் ஒதுங்கிப் போனதை அவர் பதிவு செய்தார்.

இச்செய்தி விவாதத்துக்கு இன்றியமையாதது. யாரும் எதிர்க்கவில்லை, எனவே யாரும் புண்படவில்லை என்பது வேடத்துக்குச் சொல்லப்படும் வழக்கமான காப்புரை. விலகிச் செல்வதையே நெறியாகக் கொண்ட மக்களிடம் இந்தக் காப்புரை செல்லாது. அவர்களின் மௌனம் உடன்பாடாகாது.

மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிடும்போது, கருமை பூசுவது எங்கும் எப்போதும் இழிவு என்று கூற இயலாது. சேத்தாண்டி வேடமும் காளி வேடமும் மின்ஸ்ட்ரல் மேடையோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆனால் அமெரிக்க வரலாறு நமக்கு இல்லை என்பதால் கேள்வியே இங்கு எழாது என்பதும் பொருந்தாது. மூன்று வினாக்கள் உதவும். அவ்வேடம் உயிருடன் வாழும் ஒரு மக்கள்குழுவைச் சுட்டுகிறதா? சுட்டப்படுபவர் வேடமிடுபவரைவிட வலிமை குறைந்தவரா? வேடம் அவரை நகைப்புக்கு உள்ளாக்குகிறதா, அல்லது அவர் நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்பது விடையானால், நோக்கம் நல்லதாயினும் அங்கே தரக்குறைவு நேர்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது.

பெரும்பாலான மாணவர்கள் இக்கேள்வியைத் திரையரங்கில் சந்திப்பதில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் சந்திக்கின்றனர். கரி பூசி, இலை கட்டி, ஈட்டி பிடித்து, பொருளற்ற ஒலி எழுப்பும் 'காட்டுவாசி' வேடத்துக்கு இன்றும் கைதட்டல் கிடைக்கிறது. பளியர் இலை கட்டி வாழ்பவர்கள் அல்லர். அவர்கள் தமிழ் பேசுபவர்கள். தேன் எடுப்பவர்கள், தோட்டங்களில் கூலிக்கு உழைப்பவர்கள். கீழ்ப்பழனிமலையின் ஒரு பள்ளியில் அந்த வேடம் மேடையேறினால், பார்வையாளர் வரிசையில் பளியர் வீட்டுக் குழந்தையும் அமர்ந்திருக்கக்கூடும். அக்குழந்தை எழுந்து எதிர்க்காது. அடுத்த நாள் பள்ளிக்கு வராமல் போகலாம்.