தாய்ப்பாலும் ஒரு நோயின் வரலாறும்

மாணவர்களே, மார்பகப் புற்றுநோயினின்று பிழைத்த தாய் தன் மகவுக்குப் பாலூட்டலாமா? இவ்வினாவுக்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தையும் அதனடியிலுள்ள தசைகளையும் முழுதும் அகற்றும் முறையை 1894-இல் விளக்கி எழுதினார். நோயை வேரோடு களைவதே அவர் நோக்கம். பல தலைமுறைக் காலம் அம்முறையே நிலவியது. பிழைப்பதே அரிதாயிருந்தபோது பாலூட்டுவதைப் பற்றி எவர் கேட்பர்?

பிட்ஸ்பர்க் நகரப் பேராசிரியர் பெர்னார்ட் ஃபிஷர் அம்முறையை ஐயுற்றார். நோய் குருதி வழியே முன்னரே பரவக்கூடுமாதலால், மிகுதியாக அறுப்பதால் பயனில்லை என்றார். கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை 1985-இல் வெளிவந்த அவரது ஆய்வு காட்டியது. மார்பகம் காக்கப்பட்டது, பாலூட்டினால் நோய் மீளுமோ என்னும் அச்சம் மட்டும் நீங்கவில்லை.

ஹார்மோன் மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் இடைநிறுத்தித் தாய்மை நாடிய 518 பெண்களைப் பன்னாட்டு ஆய்வொன்று தொடர்ந்து கவனித்தது. அதன் முடிவு 2023-இல் வெளிவந்தது. அவர்களுள் பாலூட்டியவர்க்கு, இதுவரை கண்ட சில ஆண்டுகளில், நோய் மிகுதியாக மீளவில்லை என்று 2024-இல் அறிவித்தனர்.

சிகிச்சை நடைபெறும் காலத்துக்கு விதி வேறு. புற்றுநோய் மருந்துகள் பாலிற் கலந்து சேயைச் சேரக்கூடும், அப்போது பாலூட்டலாகாது. சிகிச்சை முடிந்தபின், கதிர்வீச்சுப் பெற்ற பக்கத்திற் பால் குறைந்தாலும், மற்றொரு பக்கமே சேய்க்குப் போதியதாகலாம்.

அச்சத்தால் எழுந்த தடையை ஆராய்ந்து பார்க்கத் துணிந்தோரால் இவ்விடை கிடைத்தது. அவ்வாய்வுக்கு உடன்பட்ட தாய்மாரையும் நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.