துருத்தி போட்டவன் எங்கே?

வாத்தியங்களின் வரலாறு பெரும்பாலும் கம்பெனிகளின் பெயர்ப்பலகையிலிருந்தே எழுதப்படுகிறது. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள குழல் ஆர்கன் 1883இல் வைக்கப்பட்டது. செய்தது பீட்டர் கோனாக்கர் கம்பெனி. 1854இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் ஊர் ஹட்டர்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்தின் கம்பளி மில் நகரம். செய்தவன் பெயர் இருக்கிறது, வாங்கிய சபையின் பெயரும் இருக்கிறது. சரி, காற்றடித்தவன் யார்?

இந்தக் கேள்வி சில்லறை விஷயமில்லை. குழல் ஆர்கனுக்குச் சொந்த மூச்சு கிடையாது. துருத்தி காற்றை அழுத்திப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். கட்டையை அழுத்தினால் அடைப்பு திறந்து குழல் ஒலிக்கும். மின்சாரம் வருவதற்கு முன், பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று நெம்புகோலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அவன் கை ஓய்ந்தால் சங்கீதமும் ஓய்ந்தது. விரல் ஒருவருடையது, மூச்சு இன்னொருவருடையது. உழைப்புப் பிரிவினையை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டி, அதைச் சபையின் கண்ணிலிருந்து இவ்வளவு நேர்த்தியாக மறைத்த வாத்தியம் வேறில்லை.

நாகர்கோவில் பக்கம் வருவோம். லண்டன் மிஷன் இங்கே 1819இல் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டியது. அந்த மிஷனுக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் சாதியினர். அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலே துணி போடுவதற்கே 1859 அரச பிரகடனம் வரைக்கும் போராட வேண்டியிருந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள்போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது. ஓலைக்கூரைச் சபைகளுக்குக் குழல் ஆர்கன் எட்டாத பொருள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் முறையில் அமைந்த கீர்த்தனைகளோடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது ஆர்மோனியம்.

1840களில் பாரிஸில் தெபேன் செய்த ஆர்மோனியத்தைக் காலால் மிதிக்க வேண்டும். கல்கத்தாவில் 1875இல் துவார்கின் கம்பெனியைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ் அதைக் கைத்துருத்தியாக்கி, தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி சுருக்கினார். ஒரு கை துருத்திக்கு, ஒரு கை கட்டைக்கு. மூச்சும் விரலும் ஒரே உடம்புக்குத் திரும்பின. தலையில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோகலாம். சபைக்குப் போன பெட்டி நாடகக் கொட்டகைக்கும் போனது. ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்த நாடகக் கம்பெனி மேடை ஆர்மோனியம் இல்லாமல் நடந்ததில்லை.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அதில் கமகம் பேசாது என்றார்கள். உண்மைதான், நிலைத்த சுரங்களுக்கு இடையே அது வழுக்கிப் போகாது. ஆனால் சுத்த சங்கீதம் பற்றிய அந்த விவாதத்தில், பெட்டியை நம்பிப் பிழைத்த நாடகக்காரனிடமும் உபதேசியாரிடமும் கருத்துக் கேட்டது யார்? ஆர்கனுக்குப் பின்னால் நின்றவனை மறைத்தது மரப்பலகை. ஆர்மோனியக்காரனை மறைக்க 'தரம்' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.