கருப்புத் திரையும் ஒரு பீப் சத்தமும்

பார்ட் பார்ட்டாக வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டிய கம்ப்யூட்டர். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருக்கிறது. அசெம்பிள் பண்ணிப் பார்த்த யாருக்கும் இது புதுசில்லை. "ராம் லூசா இருக்கும்", "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்", "மதர்போர்டு அவுட்டுங்க" என்று ஆளாளுக்கு ஒரு ஜோசியம் சொல்வார்கள்.

ஆனா ஜோசியம் இல்லாமலே கண்டுபிடிக்கறதுக்குன்னு அந்தப் பெட்டிக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கு. அது எப்படி வந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். சுவாரஸ்யமான கதை. கொஞ்சம் நீளம்தான், டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்குங்க :-)

அட்டைப்படத்தில் காலிப் பெட்டி

1975 ஜனவரி. அமெரிக்காவின் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை அட்டையில் ஆல்டேர் 8800 என்ற பெட்டி வந்தது. நியூ மெக்ஸிகோ மாநிலம் ஆல்புகர்க்கியில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. இன்டெல் 8080 சிப். 397 டாலர் கட்டினால் உதிரி பாகங்கள் தபாலில் வரும், நீங்களே சால்டர் வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதுல ஒரு வேடிக்கை. பத்திரிகைக்கு அனுப்பிய முதல் மாதிரி வழியிலேயே தொலைந்துவிட்டது. படம் எடுக்க நேரமாகிவிட்டதால், முகப்பில் லைட்டும் ஸ்விட்சும் மட்டும் வைத்த ஒரு டப்பாவைத் தயார் பண்ணி அட்டையில் போட்டார்கள். ஆக, வீட்டு கம்ப்யூட்டர் யுகத்தைத் தொடங்கி வைத்த அந்தப் படத்தில் இருந்த மெஷினும் பூட் ஆகாத மெஷின்தான்!

நிஜமான ஆல்டேர் மட்டும் என்ன வாழ்ந்தது? கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. கூட வந்த மெமரி மொத்தம் 256 பைட். (கிலோ, மெகா எல்லாம் இல்லீங்க, வெறும் 256. நாம எழுதற யூனிகோட் தமிழில் 85 குறிகள் போட்டால் நிரம்பிவிடும்.) ஆன் செய்தவுடன் அதற்கு ஒன்றுமே தெரியாது. என்ன செய்யணும் என்பதை முகப்பு ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டி, ஒவ்வொரு பைட்டாக உள்ளே ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

கஷ்டம்தான். ஆனா ஒரு நல்லது இருந்தது. எந்த மெமரி முகவரியில் என்ன இருக்கிறது என்று ஸ்விட்ச் போட்டு லைட்டில் பார்க்கலாம். ஒவ்வொரு அடியாக ஓடவிட்டு, எங்கே நின்றுபோகிறது என்று கண்ணால் காணலாம். மெஷினுக்கு வாய் இல்லாவிட்டாலும் மனசுக்குள் இருப்பதை மறைக்கத் தெரியாது.

(இந்த எட் ராபர்ட்ஸ் பிற்பாடு கம்பெனியை விற்றுவிட்டு, மருத்துவம் படித்து, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் டாக்டராக இருந்தார். 2010ல் காலமானார். கோளாறு கண்டுபிடிக்கும் தொழில் அவரை விடவே இல்லை போலிருக்கு.)

விமானத்தில் எழுதிய பூட்

பூட் என்ற சொல்லே ஷூவின் வாரிலிருந்து வந்தது. தன் ஷூ வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. நடக்காத காரியத்துக்கு உதாரணமாகச் சொல்வது. கம்ப்யூட்டருக்கும் அதே சிக்கல்தான். புரோகிராமை உள்ளே ஏற்ற ஒரு புரோகிராம் வேணும், அந்தப் புரோகிராமை யார் ஏற்றுவது?

1975ல் பால் ஆலன், தானும் பில் கேட்ஸும் ஆல்டேருக்காக எழுதிய பேசிக் மொழியைக் காகித டேப்பில் எடுத்துக்கொண்டு ஆல்புகர்க்கிக்கு விமானம் ஏறினார். அவர்கள் நிஜ ஆல்டேரைத் தொட்டதுகூடக் கிடையாது. வேறொரு பெரிய கம்ப்யூட்டரில் ஆல்டேர் மாதிரி நடிக்க வைத்துத்தான் சோதித்திருந்தார்கள். விமானம் இறங்கப்போகிற நேரத்தில் ஆலனுக்கு உறைக்கிறது: டேப்பைப் படித்து மெமரியில் ஏற்றுகிற குட்டிப் புரோகிராமை எழுதவே இல்லை! சீட்டில் உட்கார்ந்தபடியே எழுதி முடித்தார். மிட்ஸில் அதை ஸ்விட்ச் தட்டி ஏற்றி, டேப்பை ஓடவிட்டு, 2+2 எவ்வளவு என்று கேட்டார்கள். 4 என்று வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் மைக்ரோசாஃப்ட்.

அதே 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. சொந்தமாக மெஷின் கட்டுகிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சந்தேகம் கேட்டுக்கொள்ள ஒரு இடம். அங்கே ஸ்டீவ் டாம்பியர் என்பவர் ஆல்டேர் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்து, மெஷினின் மின் இரைச்சலையே சுரமாக்கி பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை வயரில் இடறி எல்லாம் அழிந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஏற்றினாராம். கேட்டவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வீட்டு கம்ப்யூட்டர் வாய் திறந்தது இப்படித்தான்.

அடுத்த வருஷமே, 1976ல், அந்த கிளப்பைச் சேர்ந்த ஸ்டீவ் வாஸ்னியாக் தன்னுடைய ஆப்பிள் 1 போர்டில் 256 பைட் புரோகிராம் ஒன்றை அழியாத சிப்பில் எழுதி வைத்தார். ஸ்விட்ச் தட்டும் வேலை போச்சு. வசதிதான். ஆனா ஸ்விட்சோடு சேர்ந்து முகப்பு லைட்டுகளும் போய்விட்டன. இனிமேல் மெஷின் பாதியில் நின்றால் எங்கே நின்றது என்று எப்படித் தெரியும்?

ஐபிஎம் கொடுத்த வாய்

அதற்குப் பதில் 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த ஐபிஎம் பிசியில் இருக்கிறது. இன்று நாம் அசெம்பிள் பண்ணும் கம்ப்யூட்டர்களுக்குக் கொள்ளுத்தாத்தா. ஆன் செய்தவுடன் இது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்த வரிசைதான் ரொம்ப முக்கியம்.

முதலில் பிராசசர் தன் ரிஜிஸ்டர்களைச் சரிபார்க்கும். அப்புறம் பயோஸ் சிப்பில் இருப்பது கெடாமல் இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்கும். பிறகு மெமரியின் முதல் 16 கிலோபைட். அதற்குப் பிறகுதான் டிஸ்ப்ளே, கீபோர்டு, ஃப்ளாப்பி எல்லாம். எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன பீப். டிஸ்ப்ளேயில் கோளாறு என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை. திரை வந்துவிட்ட பிறகு உள்ள கோளாறு என்றால் நம்பர்: 201 மெமரி, 301 கீபோர்டு, 601 ஃப்ளாப்பி.

ஏன் பீப்? காரணம் ரொம்ப எளிது. திரையே வேலை செய்யவில்லை என்பதைத் திரையில் எழுதிக் காட்ட முடியாதே! பிராசசர் சோதனையே தோற்றால் பீப்கூட வராது, அப்படியே நின்றுவிடும். தன்னையே நம்ப முடியாதவன் அடுத்தவனைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அதனால் மௌனமும் ஒரு தகவல்தான்: கோளாறு ரொம்ப அடிமட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஐபிஎம் விற்ற டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் புத்தகத்தில் அந்த பயோஸ் புரோகிராம் முழுசும் வரி விடாமல், விளக்கக் குறிப்போடு அச்சாகியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய யாரும் தன் மெஷின் ஆன் ஆனதும் என்னென்ன நினைக்கிறது என்று படிக்கலாம். மெஷின் பேசுவது ஒரு விஷயம். அதன் பாஷைக்கு அகராதியையும் கையில் கொடுப்பது இன்னொரு விஷயம். ரெண்டாவது இல்லேன்னா முதலாவதால பிரயோஜனம் இல்லை.

ஆளுக்கொரு பாஷை

படிக்கலாம், ஆனா காப்பியடிக்கக் கூடாது, காப்பிரைட் உண்டு. அதனால் காம்பாக் கம்பெனி 1982ல் ஒரு வழி பண்ணியது. அந்தப் புத்தகத்தைப் பார்க்காத ஆட்களை வைத்து, அதே வேலையைச் செய்யும் பயோஸைப் புதுசாக எழுதச் செய்தது. 1984ல் பீனிக்ஸ் கம்பெனி இதே மாதிரி எழுதி யார் கேட்டாலும் விற்க ஆரம்பித்தது. பிறகு அவார்ட், அமி. (அமி என்பது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். 1985ல் ஜார்ஜியாவில் சங்கர், சர்மா என்ற இருவர் தொடங்கியது. பேரைப் பார்த்தாலே தெரியுதில்ல, நம்ம ஆளுங்க.) ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள்ட் சிஸ்டம் கிடைத்ததற்கு இவர்கள்தான் மூலகாரணம்.

ஆனால் பீப் பாஷை சிதறிப்போனது. அவார்டில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே. அமியில் டிஸ்ப்ளே மெமரி கோளாறுக்கு எட்டு குட்டை. பீனிக்ஸோ இடைவெளி விட்டு விட்டுத் தாளம் போடும். எந்த பயோஸ் என்று தெரியாமல் பீப்பை எண்ணிப் பிரயோஜனம் இல்லை.

இதற்கும் ஒரு விடை இருந்தது. 1984ல் வந்த ஐபிஎம் ஏடி, ஒவ்வொரு சோதனை தொடங்கும்போதும் அதன் எண்ணை 80 என்ற போர்ட்டில் எழுதும். மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். அந்த எண்ணைக் காட்டுகிற ஒரு குட்டி கார்டை ஸ்லாட்டில் செருகினால், கடைசியாக எந்த எண்ணில் நின்றதோ அங்கேதான் வியாதி. இந்த கார்டை நான் முதலில் பார்த்தது ஒரு சர்வீஸ் கடையில்தான். அந்த அண்ணன் எண்ணைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த கசங்கிய ஜெராக்ஸ் தாளைப் புரட்டினார். ஐபிஎம் புத்தகத்தின் கொள்ளுப்பேரன் அந்தத் தாள்.

பேச முடியாமல் போன காலம்

1999 ஏப்ரல் 26. சிஐஎச் என்ற வைரஸ் உலகம் முழுக்க ஒரே நாளில் விழித்துக்கொண்டது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி. ஹார்ட் டிஸ்கை அழித்ததோடு, சில மதர்போர்டுகளில் பயோஸையே மேலெழுதிவிட்டது. சோதனை செய்யும் புரோகிராமே காலி, பிறகு பீப் எங்கிருந்து வரும்? சிலர் துணிந்து ஒரு வேலை செய்தார்கள். அதே மாதிரி நல்ல மெஷினை ஓடவிட்டு, ஓடும்போதே அதன் பயோஸ் சிப்பைக் கழற்றி, கெட்ட சிப்பைச் செருகி, அதில் மறுபடி எழுதினார்கள். ஓடும் பஸ்ஸில் டயர் மாற்றுகிற மாதிரி!

அடுத்தது கெபாசிட்டர். நம்ம மெக்கானிக் பாஷையில் கண்டென்சர். 1999க்குப் பிறகு சில வருஷங்கள், தரமில்லாத மின்பகு திரவம் அடைத்த கெபாசிட்டர்கள் லட்சக்கணக்கான போர்டுகளில் புகுந்துவிட்டன. உள்ளே இருக்கும் தண்ணீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும், தலை உப்பும், பழுப்பாகக் கசியும். மெஷின் ஒரு நாள் பூட் ஆகும், மறுநாள் ஆகாது. டெல் கம்பெனி மட்டும் 2005ல் இதற்காக 300 மில்லியன் டாலர் ஒதுக்கியது. இந்த வியாதியை பீப் சொல்லாது. பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

சரி, இதனால் என்ன?

வரிசை தெரிந்தால் கோளாறு தேடுவது சுலபம். போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் இந்த மூன்றை மட்டும் வைத்து, ராமை முழுசாகக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை மாட்டி ஆன் செய்யுங்கள். மெமரி இல்லை என்று பீப் கத்தினால் சந்தோஷப்படுங்க! கத்துவதற்கு பிராசசரும் பயோஸும் கரண்டும் சரியாக இருந்தாக வேண்டும். அப்புறம் ஒரு ராம், அப்புறம் டிஸ்ப்ளே கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கத்தவே இல்லை என்றால், 2000 வாக்கில் பெண்டியம் 4 காலத்தில் வந்த அந்தத் தனி 12 வோல்ட் கனெக்டர் பிராசசர் பக்கத்தில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபேன் சுற்றுவதற்கு அது தேவையில்லை, பிராசசருக்குத் தேவை.

இப்போது பல போர்டுகளோடு ஸ்பீக்கர் வருவதில்லை. பதிலாக பிராசசர், மெமரி, டிஸ்ப்ளே, பூட் என்று நான்கு குட்டி லைட். எந்த லைட்டில் நிற்கிறதோ அங்கே கோளாறு. ஆல்டேரின் முகப்பு லைட் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். இன்னொன்று: டிடிஆர் 5 மெமரி போட்ட சில மெஷின்கள் முதல் தடவை மெமரியைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிஷம் கருப்புத் திரையோடு நிற்கும். மெமரி லைட் எரிந்தால் பதறி ஆஃப் பண்ணாதீங்க, கொஞ்சம் பொறுங்க.

எனக்குக் கவலை தருவது வேறு. இந்த வைத்தியம் முழுக்க இரண்டு விஷயத்தை நம்பியிருக்கிறது. மெஷின் சொல்வதன் அர்த்தம் வெளியே எழுதியிருக்க வேண்டும், சந்தேகப்பட்ட பாகத்தைக் கழற்ற முடிய வேண்டும். ராமையும் டிஸ்கையும் போர்டோடு சேர்த்து ஒட்டிவிட்ட லேப்டாப்பில், மெமரிதான் கோளாறு என்று தெரிந்தும் என்ன செய்வது? நூறு ரூபாய் ஸ்க்ரூடிரைவரில் முடியும் வேலைக்கு மொத்த போர்டையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். ஆல்டேர் வாங்கியவன் படாத பாடு பட்டான், ஆனா அவன் மெஷினை அவனால் பழுது பார்க்க முடிந்தது. அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்போது எத்தனை ஜிபி என்று கேட்பதோடு, எத்தனை ஸ்க்ரூ என்றும் கேட்டுப் பார்க்கணும்.

உங்க மெஷின் கடைசியா எத்தனை பீப் அடிச்சது, அதுக்கு என்ன வைத்தியம் பண்ணீங்க? சொல்லுங்க, கேட்டுக்கறேன்.