கருத்தடைக் கணக்கும் தடுப்பூசிக் கணக்கும்: மதுரைச் சமவெளியில் வெறிநாய்க்கடி நோய்

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகளும் ரேபிஸ் நோயால் 43 இறப்புகளும் பதிவாயின. இவ்விரு எண்களும் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. நோயின் போக்கைத் தீர்மானிக்கும் எண் வேறு: ஒரு வட்டாரத்தில், ஒரு குறிப்பிட்ட மாதத்தில், நூறு நாய்களில் எத்தனை தடுப்பாற்றலோடு திரிகின்றன என்பது. நிர்வாகம் எண்ணுவதோ கருத்தடை செய்த நாய்களையும் மனிதருக்குப் போட்ட ஊசிகளையும்தான். எதை எண்ணுகிறோமோ அதற்கே பணமும் ஆளும் போகின்றன. மதுரை மாநகரிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் இந்நோய் நீடிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மனிதர் பக்கத்தில் நாம் சாதித்தது சிறிதல்ல. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்படும் முன் தென்னாட்டில் கடிபட்டவர் இமயமலையடிக் கசௌலிக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து, நரம்புகளைப் பாதிக்கும் அபாயத்தோடேயே பல பத்தாண்டுகள் புழங்கியது. இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்தியது 2004 இறுதியில்தான். (தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் இன்னும் சிலரை ஆஸ்பத்திரிப் பக்கமே வரவிடுவதில்லை.) 2006இல் தோலுக்குள் போடும் முறைக்கு அனுமதி கிடைத்தபின், இரு தோள்களிலும் 0.1 மி.லி. வீதம் நான்கு தவணை போதும் என்றாகி மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது. 2003ஆம் ஆண்டு ஆய்வு இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 20,000 இறப்புகள் என மதிப்பிட்டது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாரின் அண்மை ஆய்வு தரும் மதிப்பீடு ஏறத்தாழ 5,700. இரண்டின் முறைகளும் வேறு என்றாலும் சரிவை மறுக்க முடியாது.

ஆனால் இந்த வழி ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. கடியை வீட்டில் சொல்லாத பிள்ளை, காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவாமல் சுண்ணாம்பு தடவிக்கொண்டவர், முதல் ஊசியோடு நிறுத்திக்கொண்டவர் ஆகியோரை மருத்துவமனை எத்தனை திறமையானதாக இருந்தாலும் காப்பாற்ற முடிவதில்லை. ஆழமான கடிக்குக் காயத்திலேயே செலுத்த வேண்டிய இம்யூனோகுளோபுலின், தடுப்பூசி கிடைக்கும் எல்லா இடங்களிலும் கிடைப்பதும் இல்லை. எஞ்சியிருக்கும் இறப்புகளை ஒழிக்க வேண்டுமானால் நாயிடம்தான் போக வேண்டும்.

ஒரு வெறிநாய் சராசரியாக ஒன்று முதல் இரண்டு நாய்களுக்குத்தான் நோயைப் பரப்புகிறது. அம்மையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அதனால்தான் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டாலே சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் காலம் இங்கே முக்கியம். எழுபதையும் ஒரே மாதத்தில் போட்டு, ஓராண்டில் நாற்பது சதவீத நாய்கள் செத்துக் குட்டிகள் அவற்றின் இடத்துக்கு வந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் காப்புடன் மிஞ்சுவன நாற்பத்திரண்டு. அடுத்த சுற்று வரும்வரை அது தாங்கும். அதே எழுபது ஊசிகளை மாதத்துக்கு ஆறு ஆறாகப் போட்டால், எந்த மாதத்திலும் எழுபதை எட்டவே மாட்டோம்.

கருத்தடைத் திட்டம் இயங்குவது இந்த இரண்டாவது வகையில். நாயைப் பிடித்து, கூண்டில் வைத்து, அறுவை செய்து, ஊசியும் போட்டு, தேறியபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2023ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகளும் அதையே சொல்கின்றன. கருத்தடை தேவையில்லை என்று இங்கே சொல்லவில்லை. குட்டிகள் வரத்து குறைந்தால் போட்ட ஊசியின் பலன் நீடிக்கும். ஆனால் அறுவை மேசையின் வேகத்துக்குத் தடுப்பூசியைக் கட்டிவைப்பது தவறு. காதில் வெட்டடையாளம் உள்ள நாய் ஊசி போட்ட நாய் என்று தெருவில் நம்புகிறார்கள். அந்த ஊசி எந்த ஆண்டில் போட்டது என்பதை அந்த வெட்டு சொல்வதில்லை.

அடுத்த சிக்கல் எல்லை. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது; அவனியாபுரமும் திருப்பரங்குன்றமும் உள்ளே வந்தன. நாய் பிடிக்கும் வண்டி அந்தக் கோட்டோடு நின்றுவிடுகிறது. கோட்டுக்கு உள்ளேயுள்ள உத்தங்குடி நாய்க்கு, வெளியேயுள்ள ஒத்தக்கடை அடுத்த தெரு.

அதற்கப்பால் வயல்வெளி. அறுவடை முடிந்த தை, மாசியில் மேலூர்ப் பக்கத்து வயல்களில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுவார்கள். இரவில் ஒரு வெறிநாய் கிடைக்குள் புகுந்தால் எந்தெந்த ஆடு கடிபட்டது என்று விடிந்தபின் தெரியாது. சில வாரங்கள் கழித்து ஓர் ஆடு எச்சில் வடித்துக்கொண்டு, தழையை விழுங்க முடியாமல் நிற்கும். தொண்டையில் முள் சிக்கியிருக்கிறது என்று கீதாரி வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார். விரலில் கீறல் இருந்தால் அதுவே தொற்றுக்கு வழி. நாய் கடிக்காத அவர் ஊசிக்குப் போக நினைப்பதும் இல்லை, கடிக் கணக்கில் வருவதும் இல்லை.

நாய்களைக் கொன்றுவிடலாமே என்ற குரல் மதுரைத் தெருக்களில் புதிதல்ல. இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் 1997இல் நோய் புகுந்தபோது அதைத்தான் செய்தார்கள். ஏறத்தாழப் பாதி நாய்களைக் கொன்றும் நோய் போகவில்லை. மக்கள் புதுக் குட்டிகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 2025இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த தெருநாய் வழக்கிலும் நாயை எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது என்பதைச் சுற்றியே பெரிதும் பேசப்பட்டது. கோவா வேறு வழியில் போனது. கைவலை வீசிப் பிடித்து, அங்கேயே ஊசி போட்டு, அங்கேயே விட்டார்கள். நாய்களிடையே மாதாந்திர நோய் எண்ணிக்கை 92 சதவீதம் குறைந்தது. 2018, 2019 ஆண்டுகளில் மனித இறப்பே இல்லை.

மதுரை மாவட்டத்தில் இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் கோமாரி நோய்க்கு ஊர் ஊராகச் சுற்று வைத்து மாடுகளுக்கு ஊசி போடுகிறது கால்நடைத் துறை. குளிர்பெட்டி, பதிவேடு, ஊர்ப் பழக்கம் எல்லாம் அதனிடம் உண்டு. வீட்டு நாயை வீட்டுக்காரரே பிடித்துத் தருவார். ஊர் நாய்க்கு வலையும் பழகிய இரண்டு ஆட்களும் வேண்டும். முடிச்சு பணத்தில் இருக்கிறது. நாய்க்கு ஊசி போடும் செலவு கால்நடைத் துறைக்கும் உள்ளாட்சிக்கும். அதனால் மிச்சமாகும் தொகையோ மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு. தன் கணக்கில் வராத மிச்சத்துக்காக எந்தத் துறையும் செலவு செய்யாது. ஆகவே மாவட்ட ஆட்சியரிடம் ஒரே நிதி ஒதுக்கீடு இருக்க வேண்டும். கிடைகள் இறங்கியிருக்கும் மாசியில், நகருக்குள் மாட்டுத்தாவணியிலும் வெளியே மேலூரிலும் ஒரே வாரத்தில் சுற்று தொடங்க வேண்டும்.