மாஸ்டர்மனின் வார்த்தைகள்

கம்ப்யூட்டர் கவிதை எழுதுமா என்று நண்பர்கள் பதற்றத்தோடு விவாதிக்கும்போதெல்லாம் எனக்கு மார்கரெட் மாஸ்டர்மன் ஞாபகம் வருகிறது. 1968-ல் லண்டனில் நடந்த ‘ஸைபர்னெடிக் ஸெரன்டிபிடி’ கண்காட்சியில், ராபின் மக்கின்னன் உட்டோடு சேர்ந்து அவர் ஹைக்கூ செய்யும் ஏற்பாடு ஒன்றை வைத்தார். சட்டகம் யந்திரத்துடையது, காலி இடங்களுக்கு வார்த்தை பொறுக்குவது மனிதனின் வேலை. ஒரு வார்த்தை விழுந்ததும் மற்ற இடங்களுக்கான தேர்வு எப்படிச் சுருங்குகிறது என்பதை இது கண்ணெதிரே காட்டியது. எழுதுகிற எவனும் தினமும் படுகிற அவஸ்தை இது.

1910-ல் பிறந்தவர். 1933–34-ல் விட்கென்ஸ்டைன் ‘நீலப் புத்தக’த்தை வகுப்பில் சொல்லி எழுதவைத்தபோது உடனிருந்த சிலரில் ஒருவர். வார்த்தையின் அர்த்தம் அதன் உபயோகத்தில் இருக்கிறது என்ற பாடத்தை அவர் யந்திரத்திடம் கொண்டுபோனார் என்பது என் அபிப்பிராயம்.

1950-களில் அவர் உருவாக்கிய கேம்பிரிட்ஜ் மொழி ஆராய்ச்சிக் குழு ரோஜெட்டின் தெஸாரஸைக் கையில் எடுத்தது. நம் திவாகரம் போலப் பொருள்வாரியாக வார்த்தைகளைத் தொகுத்த புத்தகம் அது. ஒரே வார்த்தை பல தலைப்புகளின் கீழ் வரும். பக்கத்து வார்த்தைகளோடு அது பகிர்ந்துகொள்ளும் தலைப்பு எதுவோ, அதுவே அந்த இடத்தில் அதன் அர்த்தம். உழவைப் பற்றிய வர்ஜிலின் வரி ஒன்றை இந்த வழியில், துளையிட்ட அட்டைகளின் துணையோடு, இங்கிலீஷுக்குக் கொண்டுவர முயன்றார்கள்.

காலம் சாதகமாக இல்லை. 1957-ல் சோம்ஸ்கியின் புத்தகம் வந்தபின் வாக்கிய அமைப்பே மோஸ்தர் ஆயிற்று. 1966-ல் அமெரிக்காவின் அல்பாக் அறிக்கை யந்திர மொழிபெயர்ப்பு பிரயோஜனப்படவில்லை என்றது; பணம் வற்றியது. ஆனாலும் அக்குழுவில் வேலைசெய்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், அரிதாக வரும் வார்த்தைக்கே கனம் அதிகம் என்பதை 1972-ல் கணக்காக்கினார். தேடுபொறிகளுக்கு அது அஸ்திவாரமாயிற்று. மாஸ்டர்மனோ, தாமஸ் கூன் ‘பாரடைம்’ என்பதைக் குறைந்தது 21 அர்த்தங்களில் கையாண்டிருப்பதை எண்ணிக் காட்டினார். அக்கட்டுரை 1970-ல் வெளியானது. இதைவிட நல்ல இலக்கிய விமர்சனம் எது?

1986-ல் இறந்தார். கட்டுரைகள் புத்தகமானது 2005-ல்தான்.

இன்றைய யந்திரங்களும் வார்த்தையை அதன் சகவாசத்தால்தான் அறிகின்றன. ஒரு வித்தியாசம். மாஸ்டர்மனின் அட்டைகளில், ஒரு வார்த்தை எந்தத் தலைப்பின் வழியாக வந்தது என்று பார்க்கலாம்; தப்பென்று சண்டை போடலாம். இன்று கோடிக்கணக்கான எண்களுக்குள் அந்த வழி மறைந்துகிடக்கிறது. யந்திரம் கவிதை எழுதட்டும், எழுதாமலிருக்கட்டும். இந்த வார்த்தை ஏன் இங்கே என்று கேட்கும் உரிமையை நாம் விட்டுவிடக்கூடாது.